தங்கச்சியின் பக்கேஜ்

எங்கள் பக்கத்தில் இணையம் என்று யாரும் சொல்வதில்லை. பக்கேஜ் என்றுதான் சொல்வார்கள். "என்ன பக்கேஜ் போட்டிருக்கிறீர்?" என்று கேட்பது சுகம் விசாரிப்பது போல ஆகிவிட்டது. கனகராயன்குளத்தில் றீலோட் கடை வைத்திருக்கும் நானா, வருகிறவரின் முகத்தைப் பார்த்தே பக்கேஜைச் சொல்லிவிடுவார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவிலிருந்து போய், புத்தளத்தில் பாதி வயதைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்த மனிதர். நான் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே போதும், "சேருக்கு எல்லாம் திறக்கிறது, தங்கச்சிக்கு சோஷல்" என்று எனக்கு முன்பே சொல்லிவிடுவார்.

சோஷல் பக்கேஜில் வீடியோ கோல் எடுக்கிற செயலியும், படம் போட்டு விருப்பம் தெரிவிக்கிற செயலியும் வேலை செய்யும். வேறு எதைத் தொட்டாலும் போதிய டேற்றா இல்லை என்று திரை சொல்லும். விலை மலிவு என்பதால் ஊரில் அநேகமானோர் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். நான் ஆரம்பப் பாடசாலை ஆசிரியன். பாடக் குறிப்பு இருக்கும் ஓர் இணைப்பைப் பெற்றோரின் குழுவுக்கு அனுப்பினால் ஒருவருக்கும் திறக்காது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வைத்திருப்பது போன், பிடித்திருப்பது டேற்றா, ஒரு பக்கத்தைத் திறக்க முடியாதென்றால் இது என்ன கோதாரி என்று ஆசிரியர் அறையில் கத்துவேன். அப்போது அது படம் பிடிக்கிற வேலையைப் பற்றிய கோபம் மட்டுந்தான்.

தங்கச்சிக்கு சோஷல் பக்கேஜ் போதும் என்று எல்லோருமே நினைத்தோம். அவளுக்குக் காது கேட்காது. ஒன்பது வயதில், முள்ளிவாய்க்காலில், நாங்கள் இருந்த பங்கருக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்த செல் அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோனது. அதே கிழமை அம்மாவையும் இழந்தோம். பிறகு முகாமில், தண்ணீர் வரிசையிலும் சாப்பாட்டு வரிசையிலும் நின்று நின்று, நானும் அவளும் கையால் கதைக்கத் தொடங்கினோம். யாரும் சொல்லித் தந்த பாஷை அல்ல. குழாயைத் திருகினால் தண்ணீர். என் புருவத்தில் இருக்கிற தழும்பைத் தன் புருவத்தில் தொட்டுக் காட்டினால் அண்ணா. நெஞ்சில் கையை வைத்துத் தட்டினால் உயிரோடு இருக்கிறார். கையைக் கவிழ்த்து நிலத்தைக் காட்டினால் இல்லை. எங்களுக்கு முதலில் தேவைப்பட்ட சொற்கள் அப்படிப்பட்டவையாக இருந்தன.

காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடத்துக்கு அவள் போகவில்லை. அப்பா அவளைத் தன் கண்ணை விட்டு அகல விடவில்லை, பிறகு அப்பாவும் இல்லாமல் போனார். தன் பெயரை எழுதுவாள், கடைச் சிட்டையில் இலக்கங்களை வாசிப்பாள், அவ்வளவுதான். ஆனால் கையால் அவள் கதைக்கிற கதையைப் பார்க்க வேண்டும். நக்கலும் அதிகம். எங்கள் அதிபரை அவள் நடந்து காட்டினால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவளைக் கட்டிய மச்சான் தண்ணீரூற்றுப் பக்கத்தவர், மோட்டார் மெக்கானிக். அவர் அந்தப் பாஷையை மூன்று மாதத்தில் படித்தார் என்பதற்காகவே அவருக்குத் தங்கச்சியைக் கொடுத்தேன் என்று சொல்லலாம்.

கலியாணம் முடிந்து கொஞ்சக் காலத்தில் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். அன்றிலிருந்து அவர்களுடைய குடும்பம் அந்தச் சின்னத் திரைக்குள்தான் நடந்தது. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, குசினி நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்து, இரண்டு கைகளாலும் புருஷனோடு சண்டை பிடிப்பாள். அந்த வீடியோவுக்கு அவள் வைத்திருந்த சைகை முகத்தைச் சுற்றி விரல்களால் ஒரு சட்டம் போடுவது. முகம் வந்தது, முகம் போய்விட்டது, இன்றைக்கு முகம் சரியில்லை என்று சொல்வாள். போனுக்கும் இணையத்துக்கும் பக்கேஜுக்கும் அவளிடம் வேறு சொல் இல்லை.

பிறகு மச்சான் ஒரு தடவை லீவில் வந்து போனார், அவள் பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். பிரசவத்துக்கு வர மச்சானுக்குத் திரும்ப லீவு கிடைக்கவில்லை. மச்சானின் தாய், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், கூட நிற்க வந்தார். பாவம், அவருக்குச் சாப்பிடு, படு, வா என்ற மூன்றுக்கு மேல் கையில் எதுவும் வராது. நான் இன்னும் கலியாணம் செய்யவில்லை. அவள் சொல்வதையெல்லாம் விளங்கிக்கொண்டு திருப்பிச் சொல்ல ஊரில் இருந்தது நான் ஒருவன்தான்.

பெரியாஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். பக்கத்துக் கட்டில்களில் கிடக்கிற மற்றப் பெண்களை நினைத்தால் நியாயமான சட்டந்தான். ஆனால் எனக்கு அது பெரிய பயமாக இருந்தது. என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாமல், யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமல், அந்த அறையில் அவள் தனியாகக் கிடக்க வேண்டுமே என்று பல நாள் நித்திரை கொள்ளவில்லை.

அதற்கு வழி சொன்னது அங்கே வேலை செய்த ஒரு மிஸ்ஸி. எங்கள் பக்கத்தில் தாதிமாரை அப்படித்தான் கூப்பிடுவோம். தங்கச்சியை அனுமதித்த அன்று பின்னேரம் வாசலில் நின்ற என்னிடம் அவர் வந்தார்.

"உங்கட தங்கச்சியோ சேர்? இப்பிடி ஒரு பிள்ளை முந்தியும் வந்தது. அவாவுக்கு ஒண்டும் சொல்லேலாமப் போச்சு. நீங்கள் வெளியில நிண்டு வீடியோ கோலில வாங்கோ. நான் போனைப் பிடிச்சுக் காட்டுறன். நாங்கள் சொல்லுறதை நீங்கள் கையால சொல்லுங்கோ."

அன்றிரவு ஒத்திகை பார்த்தோம். மிஸ்ஸி போனைப் பிடித்தார். "நோவு எந்தப் பக்கம் எண்டு கேளுங்கோ" என்றார், கேட்டேன். தங்கச்சி இடுப்பைக் காட்டி, கூடவே பக்கத்துக் கட்டில் மனுசி போடுகிற குறட்டையையும் நடித்துக் காட்டினாள். குறட்டை தனக்குக் கேட்காவிட்டாலும் வாயைப் பார்த்தால் தெரிகிறதாம். மிஸ்ஸிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கும் இப்படியே நான் முகத்தில் வருவேன், பயப்படாதே என்று சொல்லிவிட்டு வெளி விறாந்தையில் படுத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியான நித்திரை வந்தது.

காலையில் கோல் போகவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் போன் வேலை செய்யாவிட்டால் நாங்கள் கவரேஜ் தேடிப் போவோம். குளக்கட்டில் ஏறுவோம், மதிலில் ஏறுவோம், கையை உயர்த்திக்கொண்டு வயலுக்குள் நடப்போம். இத்தனை வருடப் பழக்கம் அது. அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். விறாந்தையை விட்டு முற்றத்துக்கு வந்தேன். முற்றத்திலிருந்து தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே போனேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கோபுரத்துக்குக் கரண்ட் இல்லைப் போல," என்றார் ஒருவர்.

"அந்தக் கேற்றடியில கொஞ்சம் இழுக்குது," என்றார் இன்னொருவர். எல்லோரும் கேற்றடிக்குப் போனோம்.

உள்ளே மிஸ்ஸியும் அதே பழக்கத்தில் வளர்ந்தவர்தானே. தங்கச்சியின் கட்டிலை யன்னலுக்குக் கிட்டத் தள்ளிவைத்துப் பார்த்தாராம், பிறகு மற்ற யன்னலுக்கும் தள்ளிப் பார்த்தாராம். யாரோ வேண்டுமென்றே மூடியிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மழை, மின்னல், கரண்ட், கோபுரம் என்றுதான் எங்கள் புத்தி ஓடியது. காலை முழுவதும் அப்படியே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடைத் தொலைக்காட்சியில்தான் அறிந்தேன். நாட்டில் நடந்துகொண்டிருந்த குழப்பங்களால் சமூக வலைத்தளங்களை அரசாங்கம் முடக்கியிருந்தது. வதந்தி பரவாமல் இருக்கவாம். கடையில் நின்றவர்கள், முகத்தில் பவுடர் பூசிப் படம் போடுகிறவர்களுக்கு இன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்று பகிடி விட்டார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற நண்பனுக்குச் சாதாரண கோல் எடுத்தேன். பூட்டைச் சுற்றிக்கொண்டு போகிற ஒரு செயலி இருப்பதாகச் சொன்னான். அதைப் போட்டால் நாம் வேறொரு நாட்டில் இருந்து பேசுவது போல ஆகிவிடுமாம், இங்கே பூட்டியது பூட்டியபடி கிடக்க நமக்குத் திறக்குமாம். எனக்கு எல்லாம் திறக்கிற பக்கேஜ். இறக்கினேன், போட்டேன், உடனே திறந்தது. அடுத்த நிமிடம் கட்டாரிலிருந்து மச்சானின் முகம் வந்தது. வேலைத் தொப்பியோடு, எண்ணெய்க் கையோடு நின்றார்.

"மச்சான், அவள் எங்க? விடியத் துவக்கம் எடுக்கிறன், வருகுதில்லை. என்ன நடந்தது?"

"அவளுக்கு ஒண்டுமில்லை. போனைத்தான் பூட்டிப்போட்டாங்கள். பொறுங்கோ, நான் எடுக்கிறன்."

எடுக்க முடியவில்லை. என் பக்கம் திறந்தால் போதாது, அவள் பக்கமும் திறக்க வேண்டும். அவளுடைய இலக்கத்துக்குச் சாதாரண கோல் எடுத்தேன். போன் அதிர்ந்ததைக் கண்டு மிஸ்ஸி எடுத்தார். அந்தச் செயலியை இறக்கச் சொன்னேன். இறக்குகிற இடமே அந்தப் பக்கேஜில் திறக்கவில்லை. முன்னால் இருந்த கடையில் ஓடிப்போய் அவளுடைய போனுக்குச் சாதாரண டேற்றா போட்டேன். திரும்ப எடுத்தேன்.

"சேர், இப்ப ஏதோ பாஸ்வேட் கேக்குது."

பாஸ்வேட் எனக்குத் தெரியாது. கடைக்காரன் போனை விற்றபோது போட்டுக் கொடுத்தது. அதை மாற்றுகிற வழியை நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மிஸ்ஸி சொன்னார், "சேர், குறை நினையாதேங்கோ, இஞ்ச ஒரு தாய்க்குப் பிள்ளையின்ர தலை தெரியுது. நான் போகவேணும்." அவரில் எப்படிக் குறை நினைப்பேன். அந்த அறையில் எத்தனை பேர் நோவில் கிடந்தார்களோ, அத்தனை பேருக்கும் அவர் வேண்டும். போனைத் தங்கச்சியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு டொக்டர் வெளியே வந்து, பிள்ளையின் இதயத் துடிப்புக் குறைகிறது, ஒப்பரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். அவளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். கையால் காட்டினோம், கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார். அவளுக்கு எது விளங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தன் பெயரை எழுதச் சொன்னால் அவள் எந்தக் காகிதத்திலும் எழுதுவாள். அவள் எழுதத் தெரிந்தது அது ஒன்றுதானே.

தியேட்டருக்குக் கொண்டு போகிற நடைபாதை ஓர் இரும்புக் கிறிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே நின்றால் கடந்து போகும்போது காணலாம் என்று காவலாளி சொன்னார். ஓடிப்போய்க் கிறிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுப்பார்கள், பிறகு தைப்பார்கள், நீயும் இருப்பாய், பிள்ளையும் இருக்கும், நான் இங்கேயே நிற்கிறேன். ஐந்தாறு சைகைதான். அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தால் போதும்.

தள்ளுவண்டி வந்தது. நான்கைந்து முழம் தூரத்தில் வந்தது. அவள் மல்லாக்கக் கிடந்து, இரண்டு கையாலும் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். நான் வருவேன் என்று சொல்லியிருந்தேனே. அந்தச் சுற்றுகிற வட்டத்துக்குள் என் முகம் வரும் என்று, இமை கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு போனாள்.

நான் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். பைத்தியக்காரனைப் போலக் கத்தினேன். காவலாளி கையைத் தட்டினார், பிறகு கிறிலில் தடியால் அடித்தார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. கதவு வரை வந்ததும் தள்ளிக்கொண்டு வந்தவர் போனை அவளுடைய கையிலிருந்து மெல்ல எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது.

பிள்ளை உயிரோடு பிறந்தது. மிஸ்ஸிதான் வந்து சொன்னார்.

"பொம்பிளைப் பிள்ளை சேர். மூச்செடுக்கக் கொஞ்சம் கஷ்டப்படுது. மேல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கினம். பயப்பிட ஒண்டும் இல்லை. நல்லா அழுதது."

கட்டாருக்குச் சொன்னேன். மச்சான் வேலைத்தளத்தில் நிலத்தில் குந்தியிருந்து அழுதார். லண்டனில் இருக்கிற சித்தப்பாவுக்குச் சொன்னேன், அவர் எங்கள் குடும்பக் குழுவில் போட்டார், கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வாழ்த்து வந்தது. பூட்டைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் என் போனுக்குள் வந்தார்கள். நான் சந்தோசத்தில் ஆளுக்காள் பதில் எழுதிக்கொண்டு இருந்தேன். தாய்க்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். சொல்லியும் இருந்தார்கள், கட்டைவிரலை உயர்த்தி.

பின்னேரம் நோயாளரைப் பார்க்கிற நேரத்துக்குத்தான் உள்ளே விட்டார்கள். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். தோளைத் தொட்டேன். திரும்பினாள். அழுது முடித்த முகம் அது. அம்மா போன கிழமையில் ஒன்பது வயதில் அவளுக்கு இருந்த முகம்.

எங்கே புதைத்தாய், என்று கேட்டாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணித்தான் ஒப்பரேஷன் செய்திருக்கிறார்கள். அவள் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டியிருக்கிறார்கள். பிள்ளை அழுதது அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. மூச்சுக்குக் கஷ்டப்பட்டதால் உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவள் கண்டது, துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை ஒருவர் வேகமாக வெளியே கொண்டு போனதை. அப்படிக் கொண்டு போகப்பட்ட எத்தனை பேரை அவள் கண்டிருக்கிறாள். கட்டைவிரலைக் காட்டிய தாதியிடம் அவள் பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக் காட்டினேன். உயிரோடு இருக்கிறது, பெண் பிள்ளை, மேலே இருக்கிறது. அவள் நம்பவில்லை. அம்மாவையும் அப்படித்தான் சொன்னீர்கள் என்றாள். உண்மைதான். காயப்பட்டவர்களை ஏற்றிய கப்பலில் அம்மா போய்விட்டா, சுகமாகி வருவா என்று அப்பா அவளுக்கு முகாமில் வைத்து வெகுநாள் சொல்லிக்கொண்டு இருந்தார்.

மேலே ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தாதியிடம் என் போனைக் கொடுத்து, பிள்ளையைப் படம் எடுத்துத் தரச் சொன்னேன். கொண்டு வந்து காட்டினேன். அதைப் பார்த்துவிட்டுப் போனைத் தட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கில் குழாயோடு, வெள்ளைத் துணிக்குள் கிடக்கிற பிள்ளை. எங்கள் ஆட்களின் கையில் அப்படியான படங்கள் எத்தனை இருக்கின்றன. உயிரோடு இருக்கிறதற்கான சாட்சி என்று நான் கொண்டு வந்ததை அவள் செத்ததற்கான சாட்சியாகப் பார்த்தாள். அந்தப் பிழையை வேறு எந்த ஊரில் ஒரு தாய் விடுவாள் என்று எனக்குத் தெரியாது.

திரும்பவும் மேலே போனேன். இந்த முறை வீடியோ எடுத்துத் தரச் சொன்னேன். அரை நிமிடம்கூட இல்லை. பிள்ளை ஒரு காலை மடக்கி உதைந்தது, பிறகு வாயைச் சப்பியது. அதைக் கொண்டு வந்து அவளுடைய முகத்துக்கு முன்னால் பிடித்தேன். கால் அசைந்த இடத்தில் அவளுடைய கை என் மணிக்கட்டைப் பிடித்தது. திரும்பக் காட்டு என்றாள். காட்டினேன். திரும்ப. காட்டினேன். மணி அடித்து எங்களை வெளியே போகச் சொல்லும் வரைக்கும் காட்டிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைக்கு இப்போது நடை பழகுகிற வயது. நல்ல காது. தாய் பின்னால் வந்தால் காலடிச் சத்தத்துக்கே திரும்பும்.

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கூட்டம் நடந்தது. இணைய நடுநிலைமை பற்றிக் கொழும்பிலிருந்து வந்து பேசப் போகிறார்கள் என்று ஆசிரியர்களுக்கும் அழைப்பு வந்தது. கூட்டம் என்றாலே எனக்கு அலர்ஜி, ஆனால் முகத்தைப் பூட்டுவது பற்றிய கூட்டம் என்று கையால் சொன்னதும் தங்கச்சி தானும் வருவேன் என்றாள். பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டுப் போனோம். கடைசி வரிசையில் இருந்து, பேசுகிறதை எல்லாம் நான் அவளுக்குக் கையால் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

முதலில் ஓர் இளம் பெண் பேசினார். வீதி போட்டவர், எந்த வாகனம் போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிக்கக்கூடாது, இணையமும் அப்படித்தான் என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர், "பிள்ளை, எங்களுக்குச் சண்டைக் காலத்தில ஓமந்தைச் சோதனைச் சாவடியில இதெல்லாம் படிப்பிச்சவை. ரோச் பற்றரியும் போகாது, சவுக்காரமும் போகாது எண்டு மறிச்சவை" என்றார். சபை சிரித்தது. அவ்வளவு சந்தோசமான சிரிப்பு அல்ல.

நான் எழும்பி, அன்றைக்கு என்னுடைய போன் திறந்து தங்கச்சியினது ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். அந்தப் பெண் விளக்கினார். சோஷல் பக்கேஜ் என்றால், போகிற வருகிற ஒவ்வொன்றையும் கொம்பனி பார்த்து, இது இன்ன செயலி என்று அடையாளம் கண்டால் மட்டும் விடும். பூட்டைச் சுற்றிப் போகிற வழியில் எல்லாம் மூடிக் கட்டித்தான் போகும், ஆகவே அடையாளம் தெரியாது, விடாது; அந்தச் செயலி முன்பே போனில் இருந்திருந்தாலும் அந்தப் பக்கேஜில் வேலை செய்திராது. எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. கதவைப் பூட்டியது அரசாங்கம். ஆனால் என் வீட்டுக்குப் பல கதவுகள் இருந்தன. அவளுக்கு ஒரே ஒரு கதவு வைத்துத்தான் வீட்டைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்துப் பேசியவர் முன்பு தொலைபேசிக் கொம்பனி ஒன்றில் வேலை செய்தவராம். "ஏழைச் சனத்துக்கு முழுச் சாப்பாடு குடுக்கேலாட்டி அரைச் சாப்பாடும் குடுக்கக்கூடாதோ? மலிவு பக்கேஜை நிப்பாட்டினா ஆருக்கு நட்டம்?" என்று கேட்டார். எனக்கு அவரில் கோபம் வர வேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. அந்தப் பக்கேஜ் இல்லாவிட்டால் தங்கச்சிக்கு இரண்டு வருடம் புருஷன் முகமே இருந்திராது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை அப்படியே அவளுக்குக் கையால் சொன்னேன்.

அவள் எழும்பி நின்றாள். நான் சொல்கிறேன், நீ வாயால் சொல் என்றாள். சபை திரும்பிப் பார்த்தது. மேடையில் இருந்தவர் ஒலிவாங்கியைக் கொண்டு வந்து என் கையில் தந்தார். ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு அவளுடைய கைகளைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன்.

"எனக்கு இந்தப் பக்கேஜ் வேணும். அது இல்லாட்டி என்ர மனுசன்ர முகம் எனக்கு இல்லை. அதை நிப்பாட்டச் சொல்ல நான் வரேல்லை."

அவளுடைய விரல் ஒவ்வொரு திசையாகக் காட்டியது.

"அண்டைக்கு என்ர பிள்ளை உயிரோட இருக்கெண்டு கட்டாரில தெரியும். லண்டனில தெரியும். கனடாவில தெரியும். பெத்த எனக்குத் தெரியாது."

அடுத்து அவள் காட்டியதை என்னால் உடனே சொல்ல முடியவில்லை. அவள் என் முழங்கையைத் தட்டினாள். சொல் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திரும்பவும் தட்டினாள். சொன்னேன்.

"என்ர பிள்ளை அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் செத்துப்போய்க் கிடந்தது. மலிவெண்டு சொல்லுறீங்கள். அந்தப் பின்னேரத்துக்கு என்ன விலை எண்டும் சொல்லுங்கோ."